அரக்கு உடையாத கடிதம்

இந்தக் காலத்து மனுஷர்கள் ஒன்றைக் கேட்டு வாங்கிப்போனால் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று முணுமுணுத்தபடி, பழைய தபால் உறைகள் சேகரிக்கும் ஞானராஜ் சாரின் மாடிப்படி ஏறினார் மாசானம். இடித்த பங்களாக்களின் சாமானை வாங்கி விற்பவர் அவர். வெள்ளைக்காரத் துரை ஒருவரின் மரப்பெட்டியில் கிடைத்த கடிதத்தை ஞானராஜிடம் கொடுத்து ஒரு மாதமாகிறது.

“என்னதான் எழுதியிருக்கு சார்?”

“பிரிக்கலையே அண்ணாச்சி.”

ஞானராஜ் உறையை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். லிவர்பூலில் தபால்தலை ஒட்டி, நீராவிக் கப்பலில் பாஸ்டன் போய், வாங்கவேண்டிய ஆளைக் காணாமல் நூற்றறுபது வருஷத்துக்கு முன்பே எழுதினவரிடமே திரும்பிவந்த கடிதம். பின்பக்கம் சிவப்பு அரக்கு முழுசாக இருந்தது. “இது உடையாம இருக்கிறதுதான் இதோட மதிப்பே.”

மாசானத்துக்கு விளங்கவில்லை. மலேயாவுக்குப் போன அண்ணனுக்கு அம்மா சொல்லச் சொல்ல எழுதின கடிதமும் இப்படித்தான் பிரிக்காமலே திரும்பி வந்தது. அம்மா அன்றைக்கே வாத்தியாரை அழைத்து வாசிக்கச் சொல்லி, தான் சொன்னதைத் தானே முழுக்கக் கேட்ட பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள்.

“ஒருதடவை சத்தமா வாசிச்சிட்டுத் திரும்ப ஒட்டிருங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

“அந்த அரக்கு திரும்ப ஒட்டாது அண்ணாச்சி.”

“அப்ப எழுதுன ஆளு சொன்னதை எவனுமே கேக்க வேண்டாமா?”

ஞானராஜ் சிரித்துக்கொண்டே உறையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்து மூடினார். மாசானம் குனிந்து கண்ணாடியில் காதை வைத்தார். கொஞ்சநேரம் அப்படியே இருந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

“ஒட்டாதாம்,” என்று தெருமுனைவரை சொல்லிக்கொண்டே போனார்.