பெண்கள் அணியின் ஜிம்

பெண்கள் அணியின் ஜிம் எங்கே இருக்கிறது என்று கிளப் செயலாளருக்குத் தெரியவில்லை.

கணக்கில் இருக்கிறது. மூன்று வருடமாக இருக்கிறது. ட்ரெட்மில் எட்டு, ஐஸ் தொட்டி இரண்டு, வெந்நீர் பாய்லர் ஒன்று, முழுநேர பிசியோ ஒருவர். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது.

நாளை காலை பத்து மணிக்கு லீக் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார். அந்த ஜிம்மைப் பார்க்கத்தான் வருகிறார். லீக்கின் கடிதம் இப்படிச் சொன்னது:

'உங்கள் பெண்கள் அணி வீராங்கனை ஒருவர், "எங்கள் ஜிம்முக்கு எந்த வழியாகப் போக வேண்டும்?" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். நேரில் பார்த்து அவருக்குப் பதில் சொல்ல விரும்புகிறோம்.'

மரியாதையான கடிதம்தான். செயலாளர் அதை மூன்று முறை படித்தார்.

விதி எளிமையானது. ஒரு கிளப் மூன்று வருடத்தில் இவ்வளவுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது. மீறினால் ஆறு புள்ளி வெட்டு. ஆறு போனால் கிளப் கீழ் டிவிஷனுக்குப் போகும், செயலாளர் வீட்டுக்குப் போவார்.

விதியை எழுதியவர்களுக்கு ஒரு நல்ல எண்ணமும் இருந்தது. சிக்கனம் என்று வந்துவிட்டால் எந்த முதலாளியும் முதலில் கை வைப்பது பெண்கள் அணியின் மேல்தான் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பெண்கள் அணிக்குச் செய்யும் செலவு நஷ்டத்தில் சேராது என்று ஒரு வரி எழுதி வைத்தார்கள்.

நல்ல வரி. செயலாளர் அதை ஒரு ஓட்டையாகப் பார்த்தார்.

ஆண்கள் அணிக்கு அந்த விலை உயர்ந்த ஸ்ட்ரைக்கரை வாங்கிய வருடம் செலவு வரம்பைத் தாண்டி வழிந்தது. வழிந்ததை எல்லாம் பெண்கள் பக்கம் எழுதச் சொன்னார். ஆண்கள் ஓடிய ட்ரெட்மில் பெண்களுடையது. ஆண்கள் முங்கிய ஐஸ் தொட்டி பெண்களுடையது. ஆண்களின் தொடையைப் பிடித்துவிட்ட பிசியோ பெண்களின் பிசியோ. தன் மூளையை நினைத்துத் தானே பலநாள் சொக்கிப்போயிருக்கிறார்.

நிஜத்தில் பெண்கள் அணி உடை மாற்றுவது மைதானத்தின் பின்னால், கோடு போடும் வண்டியும் கிழிந்த வலைகளும் கிடக்கும் ஸ்டோர் ரூமில். ஒரே ஒரு குழாய். குளிர்காலத்திலும் பச்சைத் தண்ணீர்.

செயலாளர் அந்தப் பக்கம் போனதில்லை. அவர்கள் ஆடி ஒரு நாளும் பார்த்ததில்லை. அணியில் எத்தனை பேர் என்றுகூடத் தெரியாது. ஃபுட்பால் என்பதால் பதினோரு பேராவது இருக்க வேண்டும் என்று ஊகித்து வைத்திருந்தார்.

கிளப் முதலாளி போனில் கத்தினார். "பந்து உதைக்கிற பொண்ணுக்கு நம்ம கணக்குப் புத்தகத்துல என்ன இருக்குன்னு எப்படிய்யா தெரியும்?"

கத்தி முடித்துவிட்டு யோசனையும் சொன்னார். "ஜிம் சுவருக்கு ரோஸ் கலர் அடிச்சிடுங்க."

முதலாளிக்குப் பெண்களைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

ரோஸ் கலர் பத்து மணிக்குள் காயாது. ஒரு சுவர் முழுக்க ஆண்கள் கேப்டனைச் சட்டையில்லாமல் வரைந்து வைத்திருக்கிறார்கள், அவர் மேல் எத்தனை பூச்சு பூசுவது? பூசினாலும், பிசியோவின் பெயர் என்ன என்று ஆய்வாளர் ஒரு பெண்ணிடம் கேட்டால் போதும், கதை முடிந்தது.

மூன்று மணிக்குப் பக்கத்து அறையிலிருந்து கணக்கு எழுதும் பெண்ணைக் கூப்பிட்டார்.

அந்த வரிகளை எல்லாம் எழுதியவள் அவள்தான். ஒவ்வொரு முறையும், "பெண்கள் அணிக்கா சார்?" என்று கேட்பாள். "எழுதும்மா" என்பார். எழுதுவாள். வலது கை மோதிர விரல் பாதியில் ஒரு பக்கமாக வளைந்திருக்கும். கதவில் நசுங்கியிருக்கும் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். தினமும் ஐந்தரைக்குப் பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். அது சலவைத் துணி என்றும் அவரே முடிவு செய்திருந்தார்.

"ஏம்மா, ஒரு மணி நேரம் அந்தப் பொண்ணுங்களை ஜிம்ல நிக்க வெச்சா போதாதா?"

"நிப்பாங்க சார். எந்த பட்டனை அமுக்கணும்னு தெரியாம நிப்பாங்க."

"வேற என்னதான் வழி?"

அவள் புத்தகத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இதுல இருக்கிறதை நிஜமாக்கிடுங்க சார். ஜிம் சாவியை இன்னைக்கே பெண்கள் அணிகிட்ட கொடுத்திடுங்க. பழகிக்க ஒரு சாயங்காலம் போதும். ஆய்வாளர் எப்ப வேணும்னாலும் திரும்பி வரலாம், அதனால சாவி அவங்ககிட்டயே இருக்கட்டும்."

"அப்ப ஆம்பளைப் பசங்க?"

"அவங்களுக்குன்னு கணக்குல எதுவுமே இல்லையே சார்." பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள். "ஜிம் இல்ல, பாய்லர் இல்ல, பிசியோ இல்ல. ஸ்டோர் ரூம்ல ஒரு குழாய் இருக்கு."

செயலாளர் கால் மணி நேரம் புத்தகத்தில் ஓட்டை தேடினார். எங்கே திருப்பினாலும் அவருடைய கையெழுத்துதான் வந்து நின்றது.

மேஜை இழுப்பறையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

"இதை யார்கிட்டம்மா கொடுக்கிறது? அந்த அணிக்குக் கேப்டன்னு ஒருத்தி இருப்பாள்ல, அவளை எங்க போய்ப் பிடிக்கிறது?"

அவள் பக்கத்து அறையிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, வளைந்த விரலோடு கையை நீட்டினாள்.

"இங்கதான் சார். அஞ்சரைக்கு பிசியோவையும் வரச் சொல்லிடுங்க. முதல்ல கோல்கீப்பரோட விரலைப் பார்க்கட்டும்."