கோடு வரை தண்ணீர்

ஐந்து டம்ளர்களிலும் தண்ணீர் துளிகூடக் குறையவில்லை.

ஆசிரியர் இளவரசன் குனிந்து மறுபடியும் பார்த்தார். திங்கட்கிழமை ஸ்கெட்ச் பேனாவால் போட்ட கோட்டில்தான் தண்ணீர் நின்றது. நேற்றுக் காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்த தண்ணீர், இன்று எப்படி மேலே ஏறியது?

கல்வராயன் மலையின் அந்தத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு மொத்தமே ஐந்து பிள்ளைகள். ஆவியாதல் பாடத்துக்காக ஆளுக்கொரு பிளாஸ்டிக் டம்ளர் கொடுத்து, வெயில் விழும் ஜன்னலில் வைக்கச் சொல்லியிருந்தார். நேற்றுத் தண்ணீர் இறங்கியதைப் பார்த்ததும் அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் டம்ளரைக் காட்டி, தண்ணீர் எங்கே போனது என்று வீட்டாருக்கு விளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"அஜய்தான் ஊத்தியிருப்பான் சார்" என்றது ஒரு குரல்.

"நான் ஊத்துறதா இருந்தா ஒன் தலைல ஊத்துவன்" என்றான் அஜய். வகுப்பு சிரித்தது. தமிழ்ப்ரியா மட்டும் சிரிக்கவில்லை.

அவள்தான் அந்த வகுப்பில் கெட்டிக்காரி. நேற்று மற்றவர்கள் காக்கா குடித்தது, அணில் குடித்தது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் எழுந்து, "பக்கத்துல வெளக்கு எரிஞ்சா தண்ணி ஜாஸ்தி கொறையுமா சார்?" என்று கேட்டாள். ஆமாம், சூடு கூடினால் சீக்கிரம் குறையும் என்றார் இளவரசன்.

மூன்று வருடத்தில் இந்தப் பள்ளியில் யாரும் கேட்காத கேள்வி. சங்கராபுரத்தில் இருக்கும் மனைவியிடம் அதைச் சொல்ல, நேற்றுச் சாயங்காலமே போனைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறி நின்று பார்த்தார். சிக்னல் கிடைக்கவில்லை. அறைக்குத் திரும்பி, ஒருவருக்கான அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்தார்.

வியாழக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே பள்ளிக்கு வந்தார். ஜன்னலுக்கு வெளியே தமிழ்ப்ரியா நின்றிருந்தாள். தண்ணீர் பாட்டிலின் மூடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கம்பிகளுக்கு இடையே கையை விட்டு, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து ஐந்து டம்ளர்களையும் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்தும் ஓடவில்லை. பாட்டிலை மூடிக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். ஏன் என்று கேட்டதும் பாட்டிலைப் பைக்குள் திணித்துக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனார். அவளுடைய அம்மா காய்ச்சலில் இறந்து ஏழு மாதம் ஆகிறது என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அப்பா மாதன் புடைத்துக்கொண்டிருந்த சாமையை ஓரமாக ஒதுக்கிவிட்டு அவரை உட்காரச் சொன்னார்.

சுவரில் அம்மாவின் படம். அதன் கீழே விளக்கு. விளக்கை ஒட்டி, எவர்சில்வர் டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மற்ற வீடுகளில் எடுத்துவிடுவார்கள். மாதன் எடுக்கவில்லை.

இளவரசன் அதைப் பார்ப்பதை மாதன் கவனித்தார். "தெனமும் ஊத்தி வெப்பன் சார். காலைல பாத்தா கொறைஞ்சிருக்கும். வந்து குடிச்சிட்டுப் போவுது."

மனைவி போன பிறகு நாலு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். டம்ளரில் தண்ணீர் குறைந்திருந்ததைப் பார்த்த அன்றுதான் சாப்பிட்டாராம். ஊர்க்காரர்கள் மிளகு பறிக்கக் கேரளாவுக்குக் கூப்பிட்டபோதும் போகவில்லை.

"அது வர்ற நேரத்துக்கு நான் இல்லன்னா தேடும் இல்லீங்களா" என்றார் மாதன்.

பிறகு அவரே பேச்சை மாற்றினார். "நாளைக்குக் கூட்டத்துக்கு வந்துடறன் சார். பாப்பா இன்னாமோ செஞ்சி காட்டப் போவுதாமே. அது ஒண்ணும் சொல்லல, அஜய்தான் சொன்னான்." அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த தமிழ்ப்ரியா சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

திரும்பி நடந்தபோது இளவரசனுக்கு எல்லாம் விளங்கியது. பள்ளி டம்ளரில் தண்ணீர் தானாகக் குறைகிறது என்றால், வீட்டு டம்ளரிலும் தானாகத்தான் குறைந்திருக்க வேண்டும். தினமும் வந்துபோகும் அம்மாவை ஒரு பாடத்துக்காக எந்தப் பிள்ளை விட்டுக்கொடுக்கும்? அன்று வடித்த சோற்றில் பாதி அப்படியே மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை காலையில் ஐந்து டம்ளர் தண்ணீரையும் செடிக்கு ஊற்றினார். ஜன்னலில் ஒரு வாளி, எலுமிச்சம்பழம், கூழாங்கல். இன்றைக்கு மிதப்பதும் மூழ்குவதும் காட்டினால் போதும்.

தமிழ்ப்ரியாவைத் தனியாகக் கூப்பிட்டு எதிரே உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, பொய் என்று தெரிந்தே ஒரு மாணவிக்கு அவர் எதையும் சொன்னதில்லை.

"இங்க கொறையறது வேற பாப்பா, உங்க வீட்ல கொறையறது வேற. அங்க உங்க அம்மாதான் வந்து குடிக்கிறாங்க. சரியா?"

துவைத்த சட்டை போட்டுக்கொண்டு மாதன் சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தார். அப்பா இன்னும் தூரத்தில் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தமிழ்ப்ரியா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"வெளக்குச் சூட்டுலதான் சார் கொறையுது, எனக்குத் தெரியும். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."