நோன்புக்கு முந்தின குளியல்

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலைப்பா. வண்டியைத் திருப்பிடலாம். இதுக்கு உங்களை விட்டா வேற ஆளா இல்ல?"

பாலத்தருகே பைக்கை நிறுத்திய தர்விஸ், பின்னாலிருந்து இறங்கிய ரோஸ்னேலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் உட்கார்ந்து வந்த அவளுடைய குழந்தை நயிலாவைத் தூக்கி இறக்கிவிட்டார்.

"உன் தாய்மாமன் மலேசியால உக்காந்துக்கிட்டு, 'நீங்களே போய்க் கேட்டுடுங்க'ன்னு போன்ல சொல்லிட்டார். நம்ம வழக்கத்துல பொண்ணு பக்கத்துலேர்ந்து ஆள் போய்க் கேட்டாத்தானே மாப்பிள்ளை வீட்டோட வருவான்? தானா நடந்து வந்துடுவானா?"

"அதுக்கில்லப்பா... உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"கஷ்டமாவது ஒண்ணாவது. எனக்குப் பசிக்குது. நட."

மறுநாள் ரமலான் நோன்பு ஆரம்பம். பாடாங் நகரம் மொத்தமும் லுபுக் மிந்துருன் ஆற்றில் இருந்தது. பாறைக்குப் பாறை பாய் விரித்திருந்தார்கள். எலுமிச்சையும் வெட்டிவேரும் பூவும் ஊறிய தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரக் கையோடு ஒருவர் கையை ஒருவர் பிடித்து, வருடம் பூராவும் பேசிய பேச்சுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

யுர்னாவின் பாய் மேட்டில், மர நிழலில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மகன் அஃப்ரிசல் இவர்களைக் கண்டதும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் எழுந்தான். "நயிலா, மீன் காட்டறேன் வா" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டான். ரோஸ்னேலியும் பின்னாலேயே நழுவினாள்.

"எம்புள்ளையோட வீரத்தைப் பாத்தீங்களா?" யுர்னா சிரித்தாள். "உக்காருங்கண்ணே. எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். வெத்திலைத் தட்டு எங்க?"

"வீட்டுக்கு வர்றப்ப தட்டு முறைப்படி வரும் தங்கச்சி. இன்னிக்கு உங்க மனசைக் கேட்டுட்டுப் போகலாம்னு..."

"நல்ல நாள் பாத்தீங்க! எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கிற அன்னிக்குப் போனா, இவ மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டான்னு கணக்குப் போட்டீங்களா?"

தர்விஸ் மாட்டிக்கொண்டவர்போல் சிரித்தார். கொண்டுவந்திருந்த மூங்கிலைப் பிளந்து, தேங்காய்ப்பாலில் வெந்த லெமாங் சோற்றைத் துண்டு போட்டு அவள் தட்டில் வைத்தார்.

யுர்னா அதைத் தொடவில்லை. "மூத்தவனுங்க ரெண்டு பேரும் பொண்டாட்டி வீட்டோட போயிட்டானுங்க. இவன்தான் கடைசி. இவனையும் அனுப்பிட்டா நான் யார் முகத்தைப் பாத்துச் சோறு திங்கறது? அதுவும்... தப்பா நினைக்காதீங்க. புருஷனைப் பறிகொடுத்தவ. ஒரு புள்ள வேற."

"தப்பா நினைக்க என்ன இருக்கு? உள்ளதுதானே."

"அவ புருஷன் எப்படிப்பட்ட ஆளு?"

தர்விஸ் மூங்கிலில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டினார். "நல்லவன்தான். கோபம் வந்தா சாப்பிடாம சுருண்டு படுத்துக்குவான். எழுப்பி ஊட்டணும்."

"ஆத்தாடி! ஊட்டி வளத்த மாப்பிள்ளையை இப்பத்தான் கேள்விப்படறேன்."

"ஊட்டினா சாப்பிட்டுடுவான்."

கீழே நயிலா, குவளை குவளையாக எலுமிச்சைத் தண்ணீரை அஃப்ரிசலின் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "ஐயோ, கண்ணு போச்சே!" என்று அவன் தண்ணீரில் தொப்பென்று விழுந்தான். ரோஸ்னேலி வாய்விட்டுச் சிரித்தாள்.

தர்விஸின் கை பாதியில் நின்றது. அந்தச் சிரிப்பை அவர் கேட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

யுர்னாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "இவனுக்கு இப்படியெல்லாம் விளையாடத் தெரியும்னு எனக்கே தெரியாது," என்று முனகினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரிண்ணே. எனக்குச் சம்மதம். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க."

"செத்துப்போனவன் வீட்டு ஆளுங்க. நாளைக்கு 'எங்க பேத்தியைப் பாக்கணும்'னு வாசல்ல வந்து நின்னு கண்ணைக் கசக்கினா, உள்ள இருக்கிற எம்புள்ளைக்கு எப்படி இருக்கும்? காலம் பூரா ரெண்டாவது ஆளாவே இருக்கணுமா அவன்? அவங்க யாரும் அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. நீங்க வாக்குக் குடுத்தா இன்னிக்கே பேசி முடிச்சுக்கலாம்."

நயிலா ஏதோ கத்தினாள். அஃப்ரிசல் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முழங்கால் ஆழத்தில் வேண்டுமென்றே தள்ளாடி நடந்தான். தர்விஸ் அவர்கள் கரையேறும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர மாட்டாங்க," என்றார்.

"உறுதியா?"

"உறுதியா, தங்கச்சி."

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். துண்டை உதறி மடித்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அட, அதுக்குள்ள எங்க கிளம்பிட்டீங்க? நாள் குறிக்கணும், சாப்பாடு பேசணும், எவ்வளவு கிடக்கு! பொண்ணோட அப்பா இல்லாம நான் யார்கிட்ட பேசறது?"

"ரோஸ்னேலியோட அப்பா அவ சின்னப் புள்ளையா இருக்கும்போதே தவறிட்டார்," என்றார் தர்விஸ். "செத்துப்போனவனைப் பெத்தவன் நான். எங்க வீட்ல மிச்சம் இருக்கிறது நான் ஒருத்தன்தான்."

யுர்னா அவர் தோளிலிருந்த பையை வெடுக்கென்று இழுத்துப் பாயில் வைத்தாள். "உக்காருங்க சம்பந்தி," என்றாள்.