விட்டுப்போன வரி

"ராக்கு காலிங்க சார். ஒரு ஸ்டேட்டர்கூட இல்ல. லைனை நிறுத்திட்டேன்."

சூப்பர்வைசர் சுந்தரமூர்த்தி வாசலிலேயே நின்று சொன்னார். காலை பதினொன்றேகால்.

கலைவாணன் திரையைப் பார்த்தான். ஸ்டேட்டர் கையிருப்பு அறுநூற்று நாற்பது என்று அதில் இருந்தது.

விழிதியூர் சாலையில் உள்ள அந்தப் பம்பு தொழிற்சாலையில், எதை எப்போது எத்தனை செய்ய வேண்டும் என்று திட்டம் போடுவது அவன் வேலை. உண்மையில் அதை மென்பொருள்தான் போடும். பம்புக்கு ஆர்டர் வந்தால் அது பாகப் பட்டியலைப் பிரிக்கும். பம்புக்குள் மோட்டார். மோட்டாருக்குள் ஸ்டேட்டர். ஸ்டேட்டருக்குள் செம்புக் கம்பி, காப்புத் தாள். ஒவ்வொரு படியிலும் கையிருப்பைப் பார்க்கும். குறைந்தால் அந்தப் பிரிவுக்கு வேலை உத்தரவு போடும்.

ஸ்டேட்டருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் ஐந்து பெண்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள். இரண்டு மாதமாக அந்தப் பிரிவுக்கு ஒரு உத்தரவும் வரவில்லை. வேலை வந்தால் கூப்பிடுகிறோம் என்று சொல்லி ஐந்து பேரையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

புது மாடல் பம்பின் பட்டியலைத் திறந்தான்.

பம்பு. அதன் கீழே மோட்டார். மோட்டாரின் கீழே ஷாஃப்ட், பேரிங், மூடி, போல்ட்டுகள்.

ஸ்டேட்டர் இல்லை.

மறுபடி மேலிருந்து படித்தான். இல்லை.

பட்டியலை ஏற்றியவன் அவன்தான். பழைய மாடலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது அந்த ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. புது மாடலுக்கு ஸ்டேட்டரே வேண்டாம் என்று மென்பொருள் நினைத்துக்கொண்டது. லைனில் இருந்தவர்களோ வழக்கம்போல ராக்கிலிருந்து எடுத்துப் பொருத்திக்கொண்டே இருந்தார்கள். பம்புகள் லாரி ஏறிப் போயின. திரையில் மட்டும் அறுநூற்று நாற்பது அப்படியே நின்றது.

வரியைச் சேர்த்தான். இருப்பைப் பூஜ்யமாக்கித் திட்டத்தை மறுபடி ஓட்டினான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காயில் பிரிவுக்கு உத்தரவு வந்துவிட்டது. ஸ்டேட்டர் எண்ணூறு.

பக்கத்தில், வேலையைத் தொடங்க வேண்டிய தேதி சிவப்பு எழுத்தில் இருந்தது. பம்பு போய்ச் சேர வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி மென்பொருள் போட்ட தேதி. அது கடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

பன்னிரண்டு நாள். கலைவாணன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். போன வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாரம் முன்பு.

"நான்தான் விட்டுட்டேன்," என்றான்.

சுந்தரமூர்த்தி உள்ளே வந்து திரையைப் பார்த்தார். "மொதல்ல ஆளுங்களக் கூப்பிடுங்க சார். மத்தத அப்புறம் பாப்போம்."

பிரிவில் மூத்தவள் தாமரைச்செல்வி. திருவேட்டக்குடியில் இருக்கிறாள். வேலை நின்றதிலிருந்து கருவாடு காயப்போடப் போகிறாள். அவளைக் கைபேசியில் அழைத்து வேலை வந்திருப்பதைச் சொன்னான்; பின்னால் காற்றின் இரைச்சலும் காக்கைகளின் கரைச்சலும் கேட்டன.

"நெசமாவா சார்? நாளைக்கே வந்துடுறோம். நீங்க எங்களுக்காகப் பேசியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

"பேசலக்கா. வேல இருந்திருக்கு. நான்தான் லிஸ்ட்ல ஒரு வரிய விட்டுட்டேன்."

"என்னமோ சார். வந்துச்சே, அது போதும்." ஒவ்வொரு பெயராகச் சொல்லி எண்ணினாள். நாலு பேர் வந்துவிடுவார்கள் என்றாள். பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "ஜெயப்ரியாவுக்கு இப்ப சொல்லிடாதீங்க சார். அவ போயி அஞ்சு நாள்தான் ஆவுது."

அவன் சரி என்றான்.

மஸ்கட்டில் வீட்டு வேலைக்கு விசா வந்த பிறகும், அந்த ஐவரில் ஒருத்தியான ஜெயப்ரியா கிளம்பாமல் இருந்தாள். புருஷன் இல்லை. மகளுக்கு மூன்று வயது. காயில் பிரிவுக்கு எப்போது வேலை வரும் என்று கலைவாணனிடம்தான் வந்து கேட்டாள். அவன் இதே திரையைப் பார்த்தான். இன்னும் மூன்று மாதத்துக்கு வராது, காத்திருக்காதே என்று சொன்னான். மறுநாளே ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை திருச்சியில் விமானம் ஏறினாள்.

அவன் சொன்னபோது அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திரையில் இருப்பதைத்தானே சொல்கிறான் என்று நம்பினாள்.

வெளியே சுந்தரமூர்த்தி காயில் பிரிவின் பூட்டைத் திறந்து, மேசைகளைத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கைபேசி அதிர்ந்தது. மஸ்கட்டிலிருந்து செய்தி.

'அண்ணா, பாப்பா சாப்டாளா? ராத்திரி அழுதாளா?'

வெள்ளிக்கிழமையிலிருந்து தங்கையின் மகள் அவன் வீட்டில்தான் இருக்கிறாள். காலையில் அவன் மனைவி பிரதீபா ஊட்டிய இட்லியை இரண்டாவது வாயிலேயே துப்பிவிட்டாள். ராத்திரி மூன்று மணி வரை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தது அவன்தான்.

நல்லா சாப்ட்டா, அழவே இல்ல என்று அடித்து அனுப்பினான்.