குளிரில் மட்டும் வீம்பு

"காலை எடுத்துடாதீங்க அண்ணே, எடுத்தா நின்னுடும்" என்று பானெட்டுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தான் அடுப்புக்காரன்.

சொல்லி வாய் மூடவில்லை, வண்டி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நின்றே போனது. ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் ரொட்டித் தொழிற்சாலையின் இரவு ஷிப்ட் சூப்பர்வைசர். முன்கோபத்துக்காகத் தொழிலாளர்கள் அவருக்குக் கடுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். எண்ணெய் காய்வதற்கு முன்பே பொரிந்துவிடுகிற கடுகு. கார் ஓட்ட அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆக்ஸிலேட்டர் இதுதான் என்று காட்டி, அதன் மேல் அவர் காலை எடுத்து வைத்ததே, அங்கே ரொட்டி அடுப்பைப் பார்க்கிற இந்த அடுப்புக்காரன்தான்.

சற்று முன்னால் ஆபீஸ் ஃபோனில் அவனுடைய பக்கத்து வீட்டு அம்மாள் கூப்பிட்டிருந்தாள். எடுத்தவர் கடுகு. அவன் பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டதாம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதுமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தாராம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, திரும்பியதும் அனுப்புகிறோம் என்றார்கள். ரொட்டி ஏற்றிய வேன்களும் கிளம்பிவிட்டன. மிச்சம் இருந்தது அடுப்புக்காரனின் இந்த ஓட்டைக் கார்தான்.

சூடேறிவிட்டால் சமர்த்தாக ஓடும். குளிரில் மட்டும் அதற்கு அப்படி ஒரு வீம்பு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், உயிரை விட்டுவிடும். இன்றைக்குப் பார்த்து வெளியே கண் தெரியாத பனி. பேட்டரியும் சோர்ந்துகொண்டிருந்தது. வழியில் இரண்டு இடத்தில் நின்றால், அப்புறம் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

அடுப்புக்காரன் செல்ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தான்.

"யாருடா லைன்ல?"

"மெக்கானிக் அண்ணே."

"நேர்ல வரச் சொல்ல வேண்டியதுதானே?"

"வர முடியாதுண்ணே."

கடுகு முதல் தடவை பொரிந்தது அங்கேதான். இத்தனை நாளாக இந்த வண்டியைப் பார்த்துச் சரி செய்யாமல் அந்த மெக்கானிக் என்ன கிழித்தான் என்று கேட்டார். ஊர் வண்டியெல்லாம் பார்த்து முடித்து நம்ம வண்டிக்கு வர நேரம் இல்லையே என்று அடுப்புக்காரன் முனகினான். அவன் இந்த ஷிப்டுக்கு மாறி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதனால் கடுகு கொஞ்சம் அடக்கிக்கொண்டார்.

சோக்கை முழுசாக இழுக்கணுமாம். இழுத்தார். ஏர் ஃபில்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற தகடு மூடிக்கொள்கிறதா என்று பார்க்கணுமாம். மூடிக்கொண்டது. அப்படியானால் குறை சோக்கில் இல்லை, எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்பது மெக்கானிக்கின் தீர்ப்பு. ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் குளிரில் வாய் திறக்குமாம், சூட்டில் தானாக மூடிக்கொள்ளுமாம்.

"எந்தக் குழாய்னு கேளுடா."

அடுப்புக்காரன் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான். தினம் நெருப்புக்கு முன்னால் நிற்கிற அந்த முகம் வெளுத்துப் போயிருந்தது.

"கொஞ்சம் பொறுக்கணுமாம்" என்றான்.

"ஏன், டீ குடிச்சிட்டு வரப் போறானா?"

கடுகுக்கும் பயம்தான். பயம் வந்தால் அவருக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். முகம் தெரியாத அந்தப் பெண்ணையும், குறுக்கே கிடக்கிற குழந்தையையும் நினைத்து ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்தினார்.

ஒருவழியாக மெக்கானிக் மறுபடி பேசினார் போலிருக்கிறது. அடுப்புக்காரன் சைகை காட்ட, கடுகு சாவியைத் திருப்பினார். பேட்டரி இழுத்து இழுத்துக் கடைசியில் இன்ஜினைக் கிளப்பியது. அடுப்புக்காரன் ஃபோனை இன்ஜினுக்கு மேலே அங்கும் இங்கும் நகர்த்திச் சத்தத்தைக் கேட்க வைத்தான். பிறகு காதில் வைத்துக் கேட்டுவிட்டு, கார்புரேட்டருக்குக் கீழே கையை விட்டு ஒரு குழாயின் மேல் விரலை அழுத்தினான். அதுவரை திக்கித் திணறிய இன்ஜின் ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

ரொட்டிப் பெட்டி ஒட்டுகிற டேப் அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. வெடிப்பின் மேல் இறுக்கிச் சுற்றி, கடித்து அறுத்தான்.

"கிளம்புடா, நான் இறங்கிக்கிறேன்."

"இல்லண்ணே, நீங்க மெதுவா காலை எடுக்கணுமாம். அது தானா நிக்காம ஓடுதான்னு சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் கிளம்பணுமாம்."

அதற்குள் மறுமுனையில் திரும்பவும் பேச்சு நின்றுவிட்டது. அடுப்புக்காரன் ஃபோனும் கையுமாக ஜன்னலோரம் வந்து பரிதாபமாக நின்றான். கடுகுக்குப் பொறுமை போயே போய்விட்டது. பெடலில் வைத்த கால் வைத்தபடி இருக்க, ஜன்னல் வழியே கையை நீட்டி ஃபோனைப் பிடுங்கினார்.

"யோவ், வண்டிதான் ஓடுதே, இன்னும் என்ன? அங்க ஒரு பொண்ணு வலியில துடிச்சிட்டிருக்கா, நீ இங்க பரீட்சை வச்சிட்டிருக்கியா? உன் வீட்டுப் பொம்பளைன்னா இப்படி ஆற அமரப் பேசுவியா?"

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு உள்ளே போய், பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தது. பிறகு ஒரு பெண் குரல் பேசியது.

"துடிக்கிறது நான்தான் அண்ணே. மெக்கானிக்கும் நான்தான். வண்டி நடுவழியில நின்னா ரோட்டுல கிடக்கப் போறதும் நான்தான். அடுத்த வலி வர்றதுக்குள்ள அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்க விடுங்க."