ரெஃப்ரி பார்த்த ரீப்ளே

சிரிப்பு உண்டு. ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முதலில் ரெஃப்ரியைத் தெரிந்துகொள்ளலாம்.

மைதானத்தில் ரெஃப்ரி, வீட்டில் சின்னவளுக்கு அப்பா. இரண்டு இடத்திலும் அவர் ஊதினால் ஊதினதுதான்.

அவர் தீர்ப்பைச் சரிபார்க்கத்தான் இந்த சீசனில் வீடியோ அறை வந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய தம்பி. அண்ணன் போனில் கூப்பிட்டால்கூட எழுந்து நின்று பேசுகிற மனிதர். சீசன் முழுக்க அவர் மைக்கில் சொன்னது ஒன்றே ஒன்று.

"நீங்க சொன்னா சரிதாண்ணே."

கடைசி ஆட்டம். ஆலை அணி தோற்றால் அணியையே கலைத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியப் போகிற நேரம் பார்த்து, ஆலை ஆட்டக்காரன் கையில் பந்து பட்டதென்று அப்பா எதிரணிக்குப் பெனால்டி கொடுத்தார். ஆலை கோல்கீப்பர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வீடியோ அறையில் சின்னவள் மட்டும். சித்தப்பாவை நைசாக டீ குடிக்க அனுப்பியிருந்தாள். தலைமையாசிரியர் குரலில் லீவு விட்டு ஒரு வகுப்பையே வீட்டுக்கு அனுப்பியவள் அவள். மைக்கைப் பிடித்து, சித்தப்பா மாதிரியே தொண்டையைச் செருமினாள்.

"அண்ணே... ஒரு தடவை திரையைப் பாத்துடுங்கண்ணே."

அப்பா மைதான ஓரத்துத் திரைக்கு ஓடினார். அவருக்கு மட்டும் தெரிகிற திரை. அதில் அவள் ஓடவிட்டது, வீட்டு சோபாவில் அப்பா குறட்டை விடுவதை அவள் போனில் பிடித்த காட்சி. வாயில் விசில். மூச்சுக்கு மூச்சு கன்னம் உப்பியது.

சிரிப்பு இப்போதா? இன்னும் இல்லை.

அப்பா முகம் கல் மாதிரி இருந்தது. தாடையைத் தடவினார். குனிந்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு, திரையில் பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாகக் காற்றில் கையால் ஒரு சதுரம் வரைந்து, பெனால்டியை ரத்து செய்தார்.

தப்பான வீடியோவை ஓடவிட்டோமா என்று சின்னவள் ஒருமுறை சரிபார்த்தாள். கூட்டம் கூத்தாடியது. ஆலை அணி பிழைத்தது. மனுஷன் தப்பினாலும் மெஷின் தப்பாது என்று கால்பந்துச் சங்கத் தலைவர் மேடையேறி அரை மணி நேரம் அறுத்தார்.

வீட்டில் சாப்பிடும்போது அவளால் பொறுக்க முடியவில்லை. பந்து கையில் படாதது திரையில் தெரிந்ததா என்று அப்பாவியாகக் கேட்டாள்.

"தெளிவா தெரிஞ்சுது" என்றார் அப்பா.

சிரிப்பு அவள் தொண்டை வரை வந்துவிட்டது.

"திரையில இல்ல. ஊதின மறுநிமிஷமே தெரிஞ்சுது. அத்தனை பேர் முன்னாடி ஊதினதை முழுங்க ஒரு சாக்குதான் கிடைக்கல."

"நல்ல வேளை, சித்தப்பா கூப்பிட்டார்" என்றாள், குரல் கொஞ்சம் இறங்கி.

"யாரு, என் தம்பியா? 'இன்னொரு தடவை பாருங்கண்ணே'ன்னு பொறந்ததுலேருந்து ஒரு நாளும் சொன்னதில்ல அவன்."

சின்னவள் கை தட்டிலேயே நின்றது.

அப்பா தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். "அடுத்த சீசன்லயும் சித்தப்பாவை டீ குடிக்க அனுப்பிடு."