பழுப்பு ஷூக்காரர்

ப்ளோவ்திவ் நகரத்து நெவெனாவுக்குக் கழுத்துத் தசை தளர்ந்து தலை நெஞ்சில் கவிழ்ந்துவிட்டது. ஆட்களை அவர்கள் காலை வைத்தே அடையாளம் கண்டாள். தினமும் காலையில் படிக்கட்டில் ஒரு ஜோடி பழுப்பு ஷூ வந்து நின்று, “இன்னைக்குத் தேவலையா தங்கச்சி?” என்று விசாரிக்கும். மாடிவீட்டுக்காரர் என்று நினைத்திருந்தாள்.

உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே தசையைத் தாக்கியதால், அதை அடக்கும் மாத்திரைகளைச் சாப்பிட்டு ஆறு மாதத்தில் தலை நிமிர்ந்தது. அன்று படிக்கட்டில் அந்தக் குரல் கேட்டதும் ஆசையாக நிமிர்ந்து பார்த்தாள். எதிரே வெறும் சுவர்.

“மேல் வீட்ல யாரு இருக்கா?” என்று கூட வந்த கணவன் காமெனைக் கேட்டாள்.

“நமக்கு மேல கூரைதானேடி இருக்கு?”

நெவெனா குழம்பிப்போய்க் குனிந்தாள். காமெனின் காலை ஒட்டி அந்த ஷூக்கள் நின்றன. “மாத்திரையை நிறுத்திடு தங்கச்சி,” என்றது குரல். “நீ நிமிர்ந்துட்டா என்னை யாரு பார்ப்பா?”

“மறுபடி குனியாத,” என்று காமென் அவள் மோவாயைத் தூக்கினான். ஷூக்கள் பார்வையிலிருந்து மறைந்தன. அவை படியேறும் சத்தம் கூரையையும் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது.